கம்ப்யூட்டர் அடிக்கடி க்ராஷ் ஆகிறதா? புது கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேம் ஓடும்போதோ வீடியோ ரெண்டர் ஆகும்போதோ திரை சட்டென்று கருப்பாகிவிட்டால், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 'கிராபிக்ஸ் கார்டு போச்சு' என்பதுதான். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பல சமயம் கார்டு நன்றாகவே இருக்கும். அதற்கு வரும் மின்சாரத்திலோ, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரிலோ, ராமிலோ, ப்ராசஸரிலோ கோளாறு இருக்கும். கேம் ஆடும் கம்ப்யூட்டரில் அதிக மின்சாரம் இழுப்பதும் அதிகம் சூடாவதும் கார்டுதான். அதனால் மற்ற பாகங்களின் பலவீனமும் கார்டு முழு மூச்சில் வேலை செய்யும் நேரத்தில்தான் வெளிப்படும். பழி கார்டின் மேல் விழும்.

கேபிநெட்டை ஒருமுறைகூடத் திறக்காதவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் டெஸ்க்டாப் என்று வைத்துக்கொள்கிறேன்; லேப்டாப்புக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். செலவில்லாதவை முதலில், ஸ்க்ரூ கழற்ற வேண்டியவை அடுத்து, பாகம் மாற்றிப் பார்க்க வேண்டியவை கடைசியில். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். டிரைவரையும் மாற்றி, தூசியும் தட்டி, கேபிளையும் மாற்றிச் செருகினால் கம்ப்யூட்டர் சரியாகலாம். எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி க்ராஷ் ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எப்படி க்ராஷ் ஆகிறது?

ஒரு நோட்டோ போனில் ஒரு குறிப்போ வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரம், எந்த மென்பொருள், தொடங்கி எத்தனை நிமிடத்தில், சத்தம் தொடர்ந்ததா நின்றதா, அப்போது கரண்ட் போய் வந்ததா என்று ஒவ்வொரு முறையும் இரண்டு வரி எழுதுங்கள். நாலைந்து முறை எழுதியதுமே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

திரை கருப்பானதும் உடனே பவர் பட்டனுக்குக் கை போக வேண்டாம். கீபோர்டில் நம் லாக் (Num Lock) விசையை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை. அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். இது கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் ரீஸ்டார்ட் செய்யும். ஒரு பீப் சத்தம் கேட்டு, திரை ஒருமுறை மின்னித் திரும்பும். படம் வந்துவிட்டால் டிரைவரையோ கார்டையோ கவனிக்க வேண்டும். படம் வராமல், பாட்டு மட்டும் தொடர்ந்து ஓடினால், மானிட்டர் கேபிளையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேபிளை மாற்றிப் பார்ப்பது மிக மலிவான சோதனை, ஆனால் பலர் அதைக் கடைசியில்தான் செய்கிறார்கள். நம் லாக் விளக்கு அசையவே இல்லை, ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால் சிஸ்டம் மொத்தமாக உறைந்துவிட்டது. கார்டு, ராம், ப்ராசஸர், டிரைவர் நான்கும் காரணமாக இருக்கலாம்.

ஃபேன், விளக்கு எல்லாம் ஒரே நொடியில் நின்று, கரண்ட் போனதுபோல் அணைந்தால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் நன்றாக இருக்க, கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிட்டால், எல்லா கேமிலும் அப்படி ஆகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு கேமில் மட்டும் என்றால் பெரும்பாலும் அந்த கேமின் பிழைதான். ஸ்டீம் என்ற கேம் விற்கும் மென்பொருளில் வாங்கியது என்றால், கேமின் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

கலர் கட்டங்கள், புள்ளிகள், கோடுகள் தெரிவது தனி வகை. அவை விண்டோஸ் வருவதற்கு முன்பே, மதர்போர்டு லோகோ வரும் திரையிலேயே தெரிந்தால், விண்டோஸ் டிரைவருக்கு அதில் பங்கில்லை, அது இன்னும் ஏறவே இல்லை. மிச்சம் கார்டும் கேபிளும் மானிட்டரும்தான். விண்டோஸுக்குள் தெரிந்தால் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதை உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் அதே கட்டங்கள் தெரிந்தால் படம் உருவாகும் இடத்திலேயே பிழை, அதாவது கார்டிலோ டிரைவரிலோ. போனில் படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது மானிட்டர்.

விண்டோஸ் என்ன எழுதி வைத்திருக்கிறது?

ஸ்டார்ட் மெனுவில் 'ரிலயபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். 'வியூ ரிலயபிலிட்டி ஹிஸ்டரி' என்று வருவதைத் திறந்தால் நாள்வாரியாக ஒரு வரைபடம், கோளாறு நடந்த நாட்களில் சிவப்பு வட்டம். அதை அழுத்தினால் கீழே விவரம் வரும். அதில் 'லைவ் கர்னல் ஈவென்ட்' என்றும் கோட் (code) 141 அல்லது 117 என்றும் இருந்தால், கிராபிக்ஸ் பக்கம் ஏதோ சிக்கிக்கொண்டது என்று பொருள். பக்கத்தில் 'ஹார்ட்வேர் எரர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டிரைவர் பிழைக்கும் விண்டோஸ் அதே தலைப்பைத்தான் போடுகிறது.

அடுத்து, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவர். இதையும் ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறக்கலாம். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். க்ராஷ் ஆன நேரத்துக்கு உருட்டிக்கொண்டு போங்கள். மூன்று பதிவுகளைத் தேடுங்கள்.

டிஸ்ப்ளே என்ற பெயரில் 4101 இருந்தால், கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, பிறகு மீண்டது என்று அர்த்தம். கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த வேலை 2 நொடிக்குள் முடியவும் இல்லை, இடையில் நிறுத்தவும் முடியவில்லை என்றால் விண்டோஸ் அதை உறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு டிரைவரை ரீசெட் செய்யும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு இது, டிடிஆர் என்பார்கள். ரீசெட் பலித்தால் திரை மின்னிவிட்டுத் திரும்பும். பலிக்காவிட்டாலோ, ஒரு நிமிடத்துக்குள் ஐந்து தடவைக்கு மேல் ஆனாலோ ப்ளூ ஸ்க்ரீன் வரும். அதில் 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்' என்று எழுதியிருக்கும், கோட் 116.

இந்த 2 நொடியை, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 10 நொடியாகவோ 60 நொடியாகவோ மாற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. கனமான 3டி ரெண்டரிங் செய்பவர்களுக்கு அது நியாயமான மாற்றம்தான், ஒரு ஃபிரேமுக்கே அத்தனை நேரம் தேவைப்படலாம். கேமில் க்ராஷ் ஆகிறவர்கள் அதைச் செய்யாதீர்கள். உறைந்த கார்டு 60 நொடி உறைந்தே கிடக்கும், அவ்வளவுதான்.

கர்னல் பவர் என்ற பெயரில் 41 இருந்தால், கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்று மட்டுமே பொருள். அதைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ்தான் கெட்டது என்று முடிவுகட்டுவது தவறு, நாமே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே 41 தான் வரும். டீட்டெயில்ஸ் பக்கத்தில் 'பக்செக் கோட்' (BugcheckCode) என்ற வரியில் 0 இருந்தால், ப்ளூ ஸ்க்ரீன் எழுதக்கூட நேரமில்லாமல் நின்றிருக்கிறது. நீங்கள் பட்டனை அழுத்தவில்லை, தானாகவே நின்றது என்றால், மின்சாரப் பக்கம் சந்தேகம் கூடுகிறது. மூன்றாவது, வியா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் வரும் பதிவுகள். இவை ப்ராசஸர், ராம், மதர்போர்டு ஸ்லாட் போன்ற ஹார்ட்வேர் சொன்ன புகார்கள். இவை வரிசையாக வந்திருந்தால், கார்டைத் தாண்டியும் பார்க்க வேண்டும்.

டிரைவர்

நேற்றுவரை ஓடியது, டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு விழுகிறது என்றால் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் கீழே கார்டின் பெயர் இருக்கும். அதன் ப்ராபர்ட்டீஸில் டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக்' பட்டன் உண்டு. புதிது என்றால் நல்லது என்று நினைக்க வேண்டாம். 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையோடு என்விடியா வெளியிட்ட டிரைவர்களில் கருப்புத் திரைப் புகார்கள் குவிந்து, ஏப்ரலில் 576.02 என்ற டிரைவர் நீண்ட திருத்தப் பட்டியலோடு வந்தது. எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வந்த புதிதில் பல கார்டுகள் கேமின் நடுவே டெஸ்க்டாப்புக்கு விழுந்தன. மின்தேக்கிகளின் தரம் சரியில்லை என்று பெரிய விவாதமே நடந்தது. சில நாளில் வந்த 456.55 டிரைவரோடு பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை அடங்கியது.

ரோல் பேக் இல்லையென்றால் முழுதாகத் துடைத்துவிட்டுப் போடுவதுதான் வழி. 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்', சுருக்கமாக டிடியு என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. செய்முறை இதுதான். கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் துடைத்த கையோடு விண்டோஸ் அப்டேட் தானே ஒரு டிரைவரைப் போட்டுவிடும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக, விண்டோஸ் அடிப்படை வசதிகளோடு மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போங்கள். சிலருக்கு இந்த இடத்தில், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் சாவி கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் டிடியுவைத் திறந்து, கார்டின் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, 'க்ளீன் அண்ட் ரீஸ்டார்ட்' கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் இறக்கி வைத்த டிரைவரைப் போட்டு, அதன் பிறகே இன்டர்நெட்டை இணையுங்கள்.

லேப்டாப் என்றால், முதலில் லேப்டாப் நிறுவனம் தன் தளத்தில் கொடுத்திருக்கும் டிரைவரைப் போட்டுப் பாருங்கள். ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸும் தனி கார்டும் மாறி மாறி வேலை செய்யும் ஏற்பாடு அதில் இருப்பதால், இரண்டுக்கும் டிரைவர் சரியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள்களில் ஓவர்கிளாக் செய்திருந்தால், அதாவது கார்டின் வேகத்தை நிர்ணயித்ததைவிடக் கூட்டியிருந்தால், அதை எடுத்துவிடுங்கள். நீங்கள் செய்யாவிட்டாலும் பல கார்டுகள் ஃபேக்டரியிலேயே சற்று ஓவர்கிளாக் ஆகித்தான் வருகின்றன. என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஹெல்ப் மெனுவில் 'டீபக் மோட்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் கார்டு என்விடியாவின் அடிப்படை வேகத்துக்கு இறங்கிவிடும். அதில் நிலையாக ஓடினால், கார்டு தன் விளம்பர வேகத்தைத் தாங்கவில்லை என்று தெரிந்துவிடும். வாரண்டி இருக்கும்போது அந்தத் தகவல் மிகவும் உதவும்.

சூடு

வெப்பத்தைக் காட்டும் மென்பொருள்களான எச்டபிள்யூஇன்ஃபோ அல்லது ஜிபியு-இசட், இரண்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கேமை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். மூன்று எண்கள் முக்கியம்: கார்டின் பொது வெப்பம், ஹாட் ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்), மெமரி வெப்பம். கார்டு காட்டாத எண் இருந்தால் விடுங்கள். பொது வெப்பம் 80 டிகிரியை ஒட்டி இருப்பது பல கார்டுகளுக்குச் சாதாரணம். ரேடியான் கார்டுகளில் ஹாட் ஸ்பாட் 110 வரை போகலாம் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. கவனிக்க வேண்டியது இடைவெளியை. பொது வெப்பம் 75, ஹாட் ஸ்பாட் 105 என்று 30 டிகிரி தள்ளி நின்றால், பெரும்பாலும் சிப்பின் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் சரியாக உட்கார்ந்திருக்காது.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சூடேறிய கார்டு முதலில் வேகத்தைத்தான் குறைக்கும். கேம் திக்கும், ஃபிரேம் குறையும். அதையும் மீறிப் போனால்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணையும். எனவே வெப்பம் 65 டிகிரியில் இருக்கும்போதே க்ராஷ் ஆகிறதென்றால், தெர்மல் பேஸ்ட் மாற்றிப் பயனில்லை. வேறு இடம் பாருங்கள்.

சென்னை, வேலூர், மதுரை போன்ற ஊர்களில் மே மாதத்தில் அறை வெப்பம் டிசம்பரைவிடப் பத்து டிகிரி கூடினால், அதே ஃபேன் வேகத்தில் கார்டின் வெப்பமும் ஏறக்குறைய அந்த அளவு கூடும். டிசம்பரில் தாங்கியது மே மாதத்தில் விழுவது இதனால்தான். மேஜைக்குக் கீழே மூடிய மர அறைக்குள் கேபிநெட்டை வைத்திருந்தால், வெளியே எடுத்துப் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். பைசா செலவில்லாத சோதனை.

தூசி தட்ட, ஸ்விட்சை அணைத்து, வயரையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கேபிநெட்டின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கார்டின் ஃபேனுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே சுத்தமாகத் தெரிந்தாலும், ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி ஒரு சாம்பல் நிறப் பாய்போல் படிந்து காற்றை அடைத்திருக்கும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; காற்றில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும். ஈரத் துணி வேண்டவே வேண்டாம்.

மின்சாரம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டுவிட்டு, விலை உயர்ந்த கார்டைக் குறை சொல்லும் கம்ப்யூட்டர்கள் நம் ஊரில் ஏராளம். கேபிநெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் சந்தேகத்தை அங்கேயே தொடங்கலாம்.

மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டியதை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் தனி கேபிள்கள் கொடுக்கும். 6 பின் என்றால் 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 115 வாட் கார்டுக்கு என்விடியா 550 வாட் எஸ்எம்பிஎஸ் பரிந்துரைக்கிறது, 3080க்கு 750 வாட். மொத்தக் கணக்கு போட்டால் அவ்வளவு தேவைப்படாதே என்று தோன்றும். கார்டு சில மில்லிநொடிகளுக்குத் தன் சராசரியைவிட மிக அதிக மின்சாரம் இழுக்கும். அந்த ஒரு கணத்தைத் தாங்க முடியாத எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்பு ஏற்பாட்டால் அணைந்துவிடும். மெனுவில் அமைதியாக இருந்த கேம், சண்டைக் காட்சி தொடங்கியதும் கம்ப்யூட்டரையே அணைத்தால் இதுதான் நடந்திருக்க வாய்ப்பு.

இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கேமில் ஃபிரேம் லிமிட் 60 வையுங்கள். அதோடு க்ராஷ் நின்றுவிட்டால், பெரும்பாலும் மின்சாரம் அல்லது சூடு என்ற இரண்டில் ஒன்றுதான். வெப்பத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்து கேபிள்கள். மூடியைத் திறந்து கார்டின் மின் இணைப்பைப் பாருங்கள். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு 8 பின் தலைகள் தொங்கி, இரண்டும் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா? சின்னக் கார்டுக்குப் பரவாயில்லை. 225 வாட்டுக்கு மேல் இழுக்கும் கார்டு என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனித்தனி கேபிள்கள் கொடுங்கள். வேறு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளை எடுத்துச் செருகிவிடாதீர்கள். கார்டுப் பக்கம் ஒன்றாக இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கார்டே எரிந்துபோகலாம். செருகியதும் க்ளிப் 'க்ளிக்' என்று விழ வேண்டும்.

ஆர்டிஎக்ஸ் 40, 50 வரிசையின் பெரிய கார்டுகளில் 16 பின் கொண்ட சின்ன இணைப்பு இருக்கிறது. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே அது உருகிய படங்கள் வெளியாகின. ப்ளக் முழுதாக உட்காராததே பொதுவான காரணம் என்று என்விடியா சொன்னது. பின்னர் முழுதாகச் செருகாவிட்டால் மின்சாரமே தராதபடி பின்களின் நீளத்தை மாற்றிப் புது வடிவம் வந்தது. உங்களிடம் இந்த வகை இருந்தால், ப்ளக்கின் விளிம்புக்கும் கார்டின் சாக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. ப்ளக்கை ஒட்டியே கேபிளை மடக்காதீர்கள். கழற்றிப் பார்க்கும்போது ஒரு துளை மட்டும் பழுப்பேறியிருந்தாலோ, பிளாஸ்டிக் கருகிய வாசனை வந்தாலோ, அதை மறுபடி செருக வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு நேராக வாரண்டிக்குப் போங்கள்.

கார்டு ஸ்லாட்டில் நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். கனமான கார்டு தொங்கிக்கொண்டிருந்தால் தொடர்பு விட்டுப் போகும். ஸ்லாட்டின் க்ளிப்பை விடுவித்துக் கழற்றி, தங்க நிறப் பற்களை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்து, காய்ந்ததும் மறுபடி அழுத்திச் செருகுங்கள். கடற்கரை ஊர்களில் இதற்குப் பலன் அதிகம். கார்டைச் செங்குத்தாக நிறுத்த ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகிச் சோதியுங்கள். பழைய ரைசரில் புது கார்டு போட்டுக் கருப்புத் திரை வருவது அடிக்கடி நடப்பது. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு செட்டிங்ஸ்) அந்த ஸ்லாட்டைப் பழைய ஜென் 3 வேகத்துக்கு இறக்கினால் பல சமயம் சரியாகிவிடும்.

யூபிஎஸ்ஸை மறந்துவிடாதீர்கள். 600 விஏ என்று போட்டிருக்கும் வீட்டு யூபிஎஸ் பலவும் 360 வாட்தான் தரும். கேம் ஓடும்போது கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 450 வாட் இழுத்தால், கரண்ட் போன கணத்தில் யூபிஎஸ் கைவிட்டுவிடும். அது க்ராஷ் போலவே தெரியும். ஒரு மாலை மட்டும் யூபிஎஸ் இல்லாமல், எர்த் சரியாக உள்ள சுவர் ப்ளக்கில் நேரடியாகப் போட்டுப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும்.

கார்டு செய்யாத தவறுகள்

ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ பயாஸில் போட்டிருந்தால், இரண்டு நாள் அணைத்து வைத்துப் பாருங்கள். பிறகு ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். எக்ஸ்எம்பி அணைத்த நிலையில் ஒரு பிழை வந்தாலும் ராமை மாற்ற வேண்டியதுதான்.

ப்ராசஸருக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் வைத்திருந்த பலருக்கு, குறிப்பாக ஐ9 வகையில், அன்ரியல் என்ஜின் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் எழுதப்பட்ட கேம்கள் 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற செய்தியோடு மூடிக்கொண்டன. 24 ஜிபி மெமரி உள்ள கார்டு வைத்திருந்தவர்களுக்கும் இதே செய்தி. கார்டையும் டிரைவரையும் மாற்றிப் பார்த்து அலுத்தார்கள். ப்ராசஸர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கித் தன்னையே தேய்த்துக்கொள்கிறது என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலிருந்து பயாஸ் வழியாகத் திருத்தங்கள் வந்தன, வாரண்டியும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. பயாஸ் அப்டேட் மேலும் தேய்வதைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. உங்களிடம் அந்தத் தலைமுறை ஐ7 அல்லது ஐ9 இருந்து, இந்தச் செய்தி வந்தால், கார்டைத் தொடும் முன் பயாஸை அப்டேட் செய்யுங்கள்; அதன் பிறகும் விழுந்தால் ப்ராசஸர் வாரண்டியைக் கேளுங்கள்.

கார்டையே சோதிப்பது

இவ்வளவும் பார்த்த பிறகும் விழுகிறதென்றால் இப்போது கார்டை நேரடியாகச் சோதிக்கலாம். ஓசிசிடி என்ற மென்பொருளில் வீடியோ மெமரிக்கென்றே ஒரு சோதனை உண்டு, பிழைகளை எண்ணிக் காட்டும். ஓவர்கிளாக் இல்லாமல் ஓடும்போது ஒரு பிழை வந்தாலும் அது கார்டின் கோளாறுதான். ஃபர்மார்க் என்ற மென்பொருள் கார்டை வேண்டுமென்றே கொதிக்க வைக்கும். பத்து நிமிடம் போதும், பக்கத்திலேயே இருந்து வெப்பத்தைப் பாருங்கள். ஃபர்மார்க்கில் தாங்கிவிட்டு கேமில் விழும் கார்டுகளும் உண்டு, காரணம் கேமில் சுமை ஏறி இறங்குகிறது. கேம் போன்ற காட்சிகளை ஓட்டும் யூனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற சோதனை மென்பொருளையும் ஓட்டிப் பாருங்கள்.

தீர்ப்பு சொல்லும் சோதனை, மாற்றிப் பார்ப்பதுதான். உங்கள் ப்ராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றி, மானிட்டரை மதர்போர்டில் செருகி, சில நாள் வழக்கம்போல் வேலை பாருங்கள். இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசியில் எஃப் எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமலும் க்ராஷ் ஆனால் கார்டு நிரபராதி. க்ராஷ் ஆகவில்லை என்றாலும் அவசரப்பட வேண்டாம், கார்டு இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சுமை இல்லை. அதனால் உங்கள் கார்டை, நல்ல எஸ்எம்பிஎஸ் உள்ள நண்பரின் கம்ப்யூட்டரில் போட்டு, அதே கேமை ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கும் அதேபோல் விழுந்தால் கேள்வி முடிந்தது. லேப்டாப்பில் இது முடியாது, சர்வீஸ் சென்டர்தான்.

கார்டுதான் என்று தெரிந்தால்

பில், சீரியல் நம்பர், உங்கள் குறிப்பு நோட்டு, ஓசிசிடி பிழைப் படம், வேறு கம்ப்யூட்டரிலும் விழுந்த வீடியோ ஆகியவற்றோடு போங்கள். இங்கே விற்கும் பல கார்டுகளுக்கு மூன்று ஆண்டு வாரண்டி உண்டு. 'கேம் ஆடினால் ஆஃப் ஆகுது' என்று மட்டும் சொன்னால், டெஸ்க்டாப்பில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு 'கோளாறு இல்லை' என்று திருப்பித் தருவார்கள். எந்தச் சோதனையில், எத்தனையாவது நிமிடத்தில் விழுகிறது என்று ஒரு தாளில் எழுதி கார்டோடு வையுங்கள். கொடுக்கும் முன் கார்டின் இரு பக்கத்தையும் மின் இணைப்பையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; உடைந்திருந்தது, கருகியிருந்தது என்ற பேச்சு பிறகு வந்தால் கையில் ஆதாரம் இருக்கும்.

வாரண்டி முடிந்திருந்தால், ஆஃப்டர்பர்னரில் கோர் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ், மெமரி வேகத்தை 200 மெகாஹெர்ட்ஸ் என்று படிப்படியாக இறக்கிப் பாருங்கள். சில ஃபிரேம்கள் குறையும், ஆனால் பல கார்டுகள் இப்படி மாதக்கணக்கில் ஓடுகின்றன.

ஓவனில் வைப்பது, ஹீட் கன் அடிப்பது போன்ற வேலைகளில் இறங்காதீர்கள். சிப்புக்கும் அடித்தட்டுக்கும் நடுவே உள்ள நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டிருந்தால், சூடு அவற்றைத் தற்காலிகமாகத் தொட வைக்கும். சில நாளிலோ வாரத்திலோ மறுபடி விடும். 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்புகளில் இதே மாதிரியான பலவீனத்துக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. கோளாறு சிப்பின் பேக்கேஜிலேயே இருந்தது. சமையல் ஓவனில் சர்க்யூட் போர்டைச் சுடுவதால் வரும் புகையும் உடம்புக்கு ஆகாது. சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள இடங்களில் சிப் வேலை செய்பவர்களிடம் கொடுப்பதென்றால், மெமரி சிப் மாற்றுகிறார்களா, வெறுமனே சூடு காட்டித் தருகிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் காசு கொடுக்க வேண்டாம்.

பழைய கார்டு வாங்குவதாக இருந்தால், கடையிலேயே ஓசிசிடி மெமரி சோதனையையும் சூப்பர்பொசிஷனையும் அரை மணி நேரம் உங்கள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள்.